வலவ்வவும் வளவும்: சபரகமுவப் பிரபு இல்லங்களின் அரண் பற்றிய ஒரு நோக்கு

திருக்குறளின் பொருட்பாலில் அரணுக்கெனத் தனி அதிகாரம் ஒன்று வகுக்கப்பட்டுள்ளது. நீர், நிலம், மலை, காடு என்னும் நான்கும் அரணாகும் எனவும், உயரமும் அகலமும் உறுதியும் அணுகுதற்கருமையும் அதற்கு வேண்டும் எனவும் விரித்துரைக்கும் வள்ளுவர், அதிகாரத்தின் இறுதியில் வேறொன்றைக் கூறி முடிக்கின்றார். எத்துணை மாட்சியுடையதாயினும் உள்ளிருப்போரிடத்துச் செயல்திறன் இல்லையாயின் அஃது அரணாகாது என்பதே அம்முடிவு. கல்லினும் சுண்ணத்தினும் எழுப்பப்பட்ட சுவரை நோக்கி, 'இது யாரைக் காத்தது, எதனாற் காத்தது?' என வினவுவார்க்கு இக்கருத்துப் பெரிதும் துணைபுரியும். சபரகமுவ மாகாணத்திலே எஞ்சியிருக்கும் பழைய பிரபு இல்லங்களை அவ்வினாவோடு அணுகுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இரத்தினபுரி மாவட்டத்து நிவித்திகல, இறப்பரும் தேயிலையும் மாணிக்கக் குழிகளும் சூழ்ந்த சிற்றூர். அங்கிருந்து வடக்கே இரத்தினபுரி நகருக்குச் செல்வோர் எஹெலேபொல வலவ்வவைக் காணலாம். தென்கிழக்கே கொலொன்ன கோறளைக்குச் செல்வோர் மடுவன்வெல வலவ்வவைக் காணலாம். ஒன்று கண்டி இராச்சியத்தின் இறுதி நாள்களை நினைவூட்டுவது. மற்றையது பிரித்தானியர் காலத்துப் பிரபுத்துவத்தின் உச்சத்தையும் மறைவையும் காட்டுவது. இவ்விரண்டையும் ஒருங்கே நோக்கும்போதுதான் வலவ்வ என்னும் அமைப்பின் வரலாறு தெளிவுறும்.

சொல்லும் பொருளும்

சிங்கள மொழியிற் பிரபுக்களின் இல்லத்தை 'வலவ்வ' என்பர். இச்சொல் தமிழ் 'வளவு' என்பதிலிருந்து சென்றதென ஆய்வாளர் பலர் கருதுவர். தமிழில் வளவு என்பது வீட்டையும், வீட்டைச் சூழ்ந்த நிலத்தையும் குறிக்கும். யாழ்ப்பாணத்து வழக்கிலே வேலியால் வளைக்கப்பட்ட குடியிருப்பு நிலம் வளவு எனப்படும். வீடு பாழடைந்து மறைந்த பின்னும் 'இன்னாருடைய வளவு' என்று அந்நிலம் பெயர் பெற்று நிற்கும். செட்டிநாட்டிலே முகப்பைக் கடந்ததும் தூண்கள் சூழ விளங்கும் நடுமுற்றப் பகுதியையே வளவு என்பர். ஓரிடத்து நிலமாகவும், ஓரிடத்து முற்றமாகவும், ஓரிடத்து மாளிகையாகவும் பொருள் மாறினும், வளைத்தல் என்னும் அடிக்கருத்து எங்கும் மாறவில்லை. தனக்குரியதென ஒரு பரப்பை வளைத்துக்கொண்டு, அதனுள்ளே அச்சமின்றி வாழ்தலே வளவு உடைமையின் பொருளாகும். இக்கருத்தினை மனத்திற்கொள்ளுதல் வேண்டும். கட்டுரையின் இறுதியில் இதற்கு மீண்டும் வரவேண்டியிருக்கும்.

உயரம் மறுக்கப்பட்ட வீடுகள்

வலவ்வ ஒன்றை முதன்முறையாகக் காண்போர் சற்றே ஏமாற்றமடைதலும் உண்டு. ஐரோப்பியப் பிரபுக்களின் அரணமைந்த மாளிகைகளைப் படங்களிற் கண்டு பழகியோர், கோபுரத்தையும் அகழியையும் எதிர்பார்த்துச் செல்வர். அவர்கள் காண்பதோ, தாழ்ந்து இறங்கிய ஓட்டுக்கூரையும், நீண்ட திண்ணையும், பருத்த சுவர்களும் உடைய, நிலத்தோடு ஒட்டிப் பரந்து கிடக்கும் ஒரு கட்டடமாகும். இவ்வமைப்பு வறுமையினாலோ அறியாமையினாலோ ஏற்பட்டதன்று. அரசியற் காரணமே இதற்கு அடிப்படை.

1660ஆம் ஆண்டு கண்டி அரசனாற் சிறைப்பிடிக்கப்பட்டு, 1679இல் தப்பிச் சென்ற ஆங்கிலேயராகிய றொபேட் நொக்ஸ், 1681இல் இலண்டனில் வெளியிட்ட நூலிலே கண்டி மக்களின் வீடுகளைப் பற்றிக் குறிப்பிட்டுள்ளார். ஒரு தளத்துக்கு மேல் உயர்த்திக் கட்டுதலும், கூரைக்கு ஓடு வேய்தலும், சுவருக்குச் சுண்ணாம்பு பூசுதலும் மக்களுக்குத் தடைசெய்யப்பட்டிருந்தன என்பது அவர் தரும் செய்தி. ஓடும் வெண்சுவரும் அரச மாளிகைக்கும் வழிபாட்டிடங்களுக்கும் உரியன. அரசனின் அருளைப் பெற்ற பிரதானிகளே அவ்வுரிமையிற் பங்குபெறலாயினர். ஆகவே, கண்டி நாட்டில் ஓட்டுக்கூரையோடு நின்ற ஒரு வீடு, மழைக்குக் காப்பாக இருந்ததோடன்றி, அரசன் அளித்த பட்டயம் போன்று அவ்வீட்டாரின் தரத்தையும் ஊருக்கு அறிவித்து நின்றது.

இத்தகைய கட்டுப்பாடு கண்டிக்கு மட்டும் உரியதன்று. ஸ்பெயின் நாட்டின் மேற்குப் பகுதியிலுள்ள காசரஸ் என்னும் பழைய நகரை இங்கு ஒப்புநோக்கலாம். அந்நகரப் பிரபு குடும்பங்கள் தத்தம் மாளிகைகளில் உயர்ந்த கோபுரங்களை எழுப்பி, அவற்றிலிருந்து ஒருவரோடொருவர் பொருதுவந்தன. அரசுரிமைப் போரின்போதும் அக்குடும்பங்கள் பிளவுபட்டு நின்றன. 15ஆம் நூற்றாண்டின் இறுதிக் காற்பகுதியில் இசபெல்லா அரசி அக்கோபுரங்களின் தலைகளை வெட்டித் தாழ்த்துமாறு ஆணையிட்டாள். அரசியின் பக்கம் நின்ற தளபதி தியேகோ தெ ஒவாந்தோவின் மாளிகைக் கோபுரம் மட்டும் அவ்வாணைக்கு விலக்காயிற்று. இன்று நாரைக் கோபுரம் என வழங்கும் அது, தாழ்த்தப்பட்ட ஏனைய கோபுரங்களின் நடுவே தனித்து உயர்ந்து நிற்கின்றது. 1986இல் யுனெஸ்கோ உலக மரபுரிமைப் பட்டியலிற் சேர்க்கப்பட்ட அந்நகரின் வான்விளிம்பை நோக்குவோர், யார் அரசியோடு நின்றனர், யார் எதிர்த்து நின்றனர் என்பதை இன்றும் கட்டடங்களின் உயரத்திலேயே படித்தறியலாம்.

ஸ்பானிய அரசி எழுந்த கோபுரங்களை வெட்டினாள். கண்டி அரசர் கோபுரம் எழாமலே தடுத்தனர். இரண்டிடத்தும் அரசு அஞ்சியது ஒன்றையே. தன் குடியின் வீடு தன் கோட்டையாகிவிடின், அக்குடி குடியாக நில்லாது என்பதே அவ்வச்சம்.

மேல்நோக்கி வளர இயலாத வீடு உள்நோக்கி வளர்ந்தது. 'மெத மிதுல' எனப்படும் நடுமுற்றத்தைச் சுற்றி நாற்புறமும் அறைகள் அமைந்தன. குடும்பம் பெருகும்போது மற்றொரு முற்றமும் அதனைச் சூழ்ந்த அறைகளும் சேர்ந்தன. வெளிச்சுவரில் திறப்புகள் குறைவு. ஒளியும் காற்றும் முற்றத்தின் வழியே வந்தன. வெளியிலிருந்து நோக்குவோர்க்கு மூடிய முகமும், உள்ளிருப்போர்க்குத் திறந்த வானமும் தரும் இவ்வமைப்பே வலவ்வவின் தற்காப்பாயிற்று. தமிழகத்துத் தொட்டிக்கட்டு வீடும், கேரளத்து நாலுகெட்டும் இதே குடும்பத்தைச் சேர்ந்தனவே.

கல்லரண் இல்லாத நாடு

கண்டி இராச்சியம் தன் காவலுக்குக் கற்கோட்டைகளைப் பெரிதும் நம்பியிருக்கவில்லை. வள்ளுவர் கூறிய மலையரணும் காட்டரணும் நீரரணும் அந்நாட்டுக்கு இயல்பாகவே வாய்த்திருந்தன. கணவாய்களிலும் ஒற்றையடிப் பாதைகளிலும் முட்கதவுகள் அமைத்து, காவலர் நிறுத்தி, போவார் வருவாரை ஆராயும் முறையினை நொக்ஸ் விளக்கியுள்ளார். அகன்ற வீதிகள் அமைவதை அரசர்கள் விரும்பவில்லை. பகைவரின் பீரங்கி ஏறிவர இயலாத பாதையே நாட்டின் மதிலாக இருந்தது.

சபரகமுவவோ இவ்வரணின் விளிம்பிலே கிடந்த நாடு. தாழ்நிலத்தைக் கைப்பற்றிய போர்த்துக்கேயர், களு கங்கையின் வழியே உள்நுழைந்து, 17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலே இரத்தினபுரிக்கு அருகிலுள்ள சமன் தேவாலயத்தை அழித்து, அவ்விடத்திலேயே கோட்டை அமைத்தனர். பின்னர் அந்நிலம் கண்டியரின் கைக்கு மீண்டதும் தேவாலயம் மீளவும் எழுந்தது. போர்த்துக்கேயப் போர்வீரன் ஒருவன் உள்நாட்டு வீரனை வீழ்த்தும் காட்சி செதுக்கப்பெற்ற கல்லொன்று இன்றும் அத்தேவாலயத்தில் உள்ளது. வென்றவன் தன் வெற்றியைப் பொறித்த கல்லைத் தோற்றவனின் கோயில் காத்து வருதல் சிந்திக்கத்தக்கது.

எல்லைப்புற நாடாகிய இதனை ஆளும் திசாவையின் பதவி அதனாலேயே மிக முக்கியத்துவம் பெற்றது. திசாவை வரி தண்டுபவர், படை திரட்டுபவர், வழக்குத் தீர்ப்பவர். உயிர்த்தண்டனை ஒன்று நீங்கலாக, மக்களின் வாழ்வு முழுவதும் அவர் கையிலிருந்தது. ஆயினும் அவர் கையை அரசன் பிணித்து வைத்திருந்தான். பிரதானிகளின் மனைவி மக்கள் தலைநகரிலே தங்கியிருத்தல் வேண்டும் என்பது மரபு. மாகாணத்திலே எவ்வளவு பெரிய இல்லம் இருப்பினும், திசாவையின் உயிர்நிலை கண்டியிலே பிணையாக இருந்தது. இதன் கொடிய விளைவை 1814ஆம் ஆண்டு காட்டிற்று.

எஹெலேபொலவின் இல்லம்

1811இல் பிலிமத்தலாவை மரணதண்டனை பெற்றபின் முதல் அதிகாரமாக உயர்ந்த எஹெலேபொல, சபரகமுவவின் திசாவையாகவும் விளங்கினார். அவருடைய இல்லமாக மரபு கூறும் வலவ்வவே இன்று இரத்தினபுரியிலுள்ள தேசிய அரும்பொருளகமாகும். மன்னன் ஸ்ரீ விக்கிரம இராஜசிங்கனுக்கும் அவருக்கும் இடையே ஐயம் முற்றியது. 1814இல் தலைநகருக்கு வருமாறு மன்னன் அழைத்தபோது எஹெலேபொல செல்லவில்லை. சபரகமுவவிலே கிளர்ச்சி தொடங்கிற்று. மொல்லிகொடவின் தலைமையில் மன்னனின் படை வந்தபோது அக்கிளர்ச்சி விரைவில் அடங்கிற்று. எஹெலேபொல எல்லை கடந்து கொழும்பிலிருந்த பிரித்தானியரிடம் அடைக்கலம் புகுந்தார்.

அவருடைய குடும்பத்தார் கண்டியில் இருந்தனர். பிள்ளைகள் தலை துணிக்கப்பட்டனர். மனைவி போகம்பரை ஏரியில் மூழ்கடிக்கப்பட்டார். அஞ்சி நின்ற தமையனுக்கு முன்னே தானே முன்வந்து தலை கொடுத்தான் எனப் போற்றப்படும் மத்தும பண்டாரவின் கதையை இலங்கையிற் பள்ளிப் பிள்ளைகளும் அறிவர்.

இரத்தினபுரி இல்லத்தின் சுவர்கள் எவ்வளவு தடித்தனவாக இருந்தபோதும், அவை காக்க வேண்டியவர்கள் அவற்றினுள் இல்லை. வலவ்வ அரணாகாமற் போனதற்குக் காரணம் அதன் கட்டட அமைப்பன்று. அதனைச் சூழ்ந்திருந்த அரசியல் அமைப்பேயாகும்.

இதன்பின் நிகழ்ந்தவை விரைந்து நிகழ்ந்தன. 1815 பெப்ரவரியில் மன்னன் பிடிபட்டான். சபரகமுவவின் குருவிட்ட கோறளையைச் சேர்ந்த எக்னெலிகொடவின் ஆட்களே அவனைப் பிடித்தவர்கள் என்பது குறிப்பிடத்தக்கது. அவ்வாண்டு மார்ச் 2ஆம் நாள் கண்டி ஒப்பந்தம் நிறைவேறிற்று. கற்கோட்டையை நம்பாது மலையை நம்பி ஆண்ட மரபின் இறுதி மன்னன், தமிழகத்து வேலூர்க் கோட்டையின் கல்மதிலுக்குள்ளே சிறையிருந்து 1832இல் மறைந்தான். தனக்கு அரசுரிமை கிட்டும் என எதிர்பார்த்ததாகக் கருதப்படும் எஹெலேபொலவுக்கும் நன்மை விளையவில்லை. 1818ஆம் ஆண்டுக் கிளர்ச்சியின்போது ஐயத்தின்பேரிற் சிறைப்படுத்தப்பட்டு, 1825இல் மொரீசியசுக்கு நாடு கடத்தப்பட்டு, 1829இல் அங்கேயே இறந்தார். பிணக்குற்ற இருவரும் கடல் கடந்த மண்ணிலே, ஒரே வெற்றியாளரின் காவலில் முடிந்தனர்.

1988இல் அரும்பொருளகமாகத் திறக்கப்பட்ட அவ்வில்லத்துள் இன்று நுழைவோர், சபரகமுவவின் இயற்கை வளத்தையும் தொன்மையையும் காட்டும் பொருள்களைக் காண்பர். மாணிக்கம் அகழ்வோர் 'இல்லம்' என அழைக்கும் சரளைப் படையிலிருந்து எடுக்கப்பட்ட, இந்நாட்டில் அற்றுப்போன நீர்யானை, காண்டாமிருகம் முதலிய விலங்குகளின் என்புச் சுவடுகள் இம்மாவட்டத்தின் தனிச்சிறப்பாகும். நிவித்திகலக் குழிகளில் இறங்குவோர் நாளும் தொடும் படை அதுவே. மண்ணுக்கடியிற் கிடந்த விலங்கின் பல் பல்லாயிரம் ஆண்டுகளைக் கடந்து நிற்க, மண்மீது ஆணை செலுத்திய குடும்பம் ஒரு தலைமுறைக்குள் அழிந்தமை காண்போர் உள்ளத்தை உறுத்தாதிராது.

மடுவன்வெல: விரிந்த வீடும் சுருங்கிய அதிகாரமும்

1818 நவம்பர்ப் பிரகடனம் கண்டிப் பிரதானிகளின் அதிகாரங்களைப் பெரிதும் குறைத்தது. 1832இல் அரசுக்குச் செய்யவேண்டிய இராஜகாரியம் ஒழிக்கப்பட்டது. பிரபுக்களின் நிந்தகம நிலங்களிலும் விகாரை நிலங்களிலும் எஞ்சியிருந்த ஊழியத்தைப் பணமாக மாற்றிச் செலுத்த 1870ஆம் ஆண்டுச் சேவைமானியச் சட்டம் வழிசெய்தது. திசாவை என்பது மாகாண ஆட்சியாளனின் பதவியாக இருந்த நிலை மாறி, மதிப்புக்குரிய பட்டமாயிற்று. அவ்விடத்தில் ரட்டே மஹத்மயா என்னும் தலைமைக்காரர் பதவி நிலைபெற்றது. மன்னனின் பிரதிநிதியாக இருந்தவர் அரசாங்க அதிபரின் கீழ்நிலை அலுவலராயினார்.

வியப்பு யாதெனில், அதிகாரம் சுருங்கிய இக்காலத்திலேதான் வலவ்வ இல்லங்கள் மிகவும் விரிந்தன. ஓட்டுக்கும் சுண்ணத்துக்கும் மாடிக்கும் தடைவிதிக்க அரசன் இல்லை. காணி கையில் இருந்தது. இறப்பரும் காரீயமும் பணம் தந்தன. கொலொன்ன கோறளையிலுள்ள மடுவன்வெல வலவ்வ இதற்குச் சிறந்த சான்றாகும். 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆரம்பமானதாகக் கூறப்படும் இவ்வில்லம், தலைமுறை தோறும் வளர்ந்து, 121 அறைகளையும் 21 முற்றங்களையும் உடையதாக விளங்கிற்று என்பர். இன்று எஞ்சியிருப்பது அதன் ஒரு பகுதியே.

இங்கு காணச் செல்வோர் முதலில் உணர்வது, ஒரு வீட்டினுள் நுழைகின்றோம் என்பதைவிட, ஓர் ஆட்சியினுள் நுழைகின்றோம் என்பதையே. முற்றத்திலிருந்து முற்றத்துக்குச் செல்லச் செல்ல வெளியுலகு பின்தங்குகின்றது. யார் எந்த முற்றம் வரை வரலாம் என்பதைப் பிறப்பும் பதவியும் வரையறுத்த காலம் அது. கண்டியச் சமூகத்திலே நாற்காலியில் அமர்தலும் ஓர் உரிமையாகவே கருதப்பட்டது; உரிமையற்றோர் நின்றபடியே தம் குறையைக் கூறிச் செல்வர். பூட்டிய கதவைக் காட்டிலும், 'இதற்கப்பால் வராதே' என ஒவ்வொருவர் உள்ளத்திலும் இடப்பட்டிருந்த எல்லையே அவ்வில்லத்தின் உறுதியான தாழ்ப்பாளாக இருந்தது.

இவ்வில்லத்திலே வழக்குக் கேட்கும் மண்டபம் இருந்தது. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலும் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் இங்கு வாழ்ந்த மடுவன்வெல மகா திசாவை, 'கறுப்பு இளவரசன்' எனப் பொருள்படும் 'களு குமாரயா' என்னும் பெயரால் மக்களிடையே அறியப்பட்டவர். அவரைப் பற்றிய கதைகள் கொலொன்ன கோறளையில் இன்றும் வழங்குகின்றன. விக்டோரியா அரசியின் தலை பொறித்த நாணயங்களைத் தரையிற் பதித்து, அதன்மீது நடந்தார் என்பது அவற்றுள் ஒன்று. அது அரசிக்குச் செய்த அவமதிப்பு எனக் கூறுவாரும், செல்வத்தின் காட்சி எனக் கூறுவாரும் உளர். எதுவாயினும், இக்கதை மக்களிடையே நிலைத்தமை ஓர் உண்மையைப் புலப்படுத்துகின்றது. தாம் அஞ்சிய பிரபுவும் யாருக்கோ அஞ்சவேண்டியவராக இருந்தார் என்பதை மக்கள் அறிந்திருந்தனர். தரையில் அரசியின் தலையை மிதித்த கால்களே, கச்சேரியில் அரசியின் அலுவலர் முன் சென்று நின்றன. வெளியே காட்ட இயலாத எதிர்ப்பு, வீட்டினுள்ளே தரை அலங்காரமாயிற்று எனலாம்.

வீழ்ந்த முறை

காசரஸ் கோபுரங்களை வெட்டக் கல்தச்சர் வேண்டியிருந்தது. வலவ்வவை வீழ்த்தவோ ஒரு பீரங்கியும் வேண்டியிருக்கவில்லை, எழுதுகோலே போதுமாயிற்று. 1938இல் தொடங்கி 1946க்குள் தலைமைக்காரர் பதவிகள் அகற்றப்பட்டு, அவ்விடத்தில் அரசாங்கச் சேவையைச் சேர்ந்த பிரிவுக் காரியாதிகாரிகள் அமர்ந்தனர். வழக்கு மண்டபத்துக்கு வழக்கு வரவில்லை. 1972ஆம் ஆண்டு 1ஆம் இலக்கக் காணிச் சீர்திருத்தச் சட்டம், ஒருவர் உடைமையை 50 ஏக்கருக்கும், வயலாயின் 25 ஏக்கருக்கும் வரையறுத்தது. ஆயிரக்கணக்கான ஏக்கரின் விளைவைக் கொண்டு பேணப்பட்ட முற்றங்களை ஐம்பது ஏக்கரைக் கொண்டு பேணுதல் இயலாததாயிற்று. ஓடு சரிந்தது, மழைநீர் இறங்கிற்று, மண்ணும் கல்லும் சேர்ந்த சுவர் கரைந்தது. ஓட்டுக்கூரை ஒழுகத் தொடங்கிய பின் எவ்வளவு தடித்த சுவரும் நில்லாது என்பதை மலைநாட்டு மழையை அறிந்தோர் அறிவர்.

உண்மையில் கரைந்தது சுவரன்று. ஓட்டை மாற்றுவதற்கும், சுண்ணம் பூசுவதற்கும், முற்றம் பெருக்குவதற்கும் முறை வைத்து வந்த ஊழியக்குடிகளின் கைகள் விலகிக்கொண்டன. அதுவே வீழ்ச்சியின் காரணம். அக்கைகள் விருப்பத்தோடு வந்தனவா, வேறு வழியின்றி வந்தனவா என்னும் கேள்வியை அவ்வில்லங்கள் பொலிவோடு இருந்த காலத்தில் எவரும் கேட்கவில்லை. வள்ளுவர் கூறிய வினைத்திறன், வலவ்வவைப் பொறுத்தவரை, உள்ளே அமர்ந்திருந்தோரிடம் இருக்கவில்லை. வெளியே நின்றோரிடமே இருந்தது.

வளவு இல்லாதோர்

சபரகமுவவின் வரலாறு வலவ்வவோடு முடிவதில்லை. 1840ஆம் ஆண்டு முடிக்குரிய நிலச் சட்டமும் 1897ஆம் ஆண்டுத் தரிசு நிலச் சட்டமும் பெருநிலங்களை அரசுக்கும், அரசின் வழியே தோட்ட முதலாளிகளுக்கும் திறந்துவிட்டன. கோப்பியும் பின்னர் தேயிலையும் இறப்பரும் மலைச்சரிவுகளை மூடின. அவற்றை நட்டு வளர்க்கத் தமிழகத்திலிருந்து மக்கள் அழைத்து வரப்பட்டனர். நிவித்திகல, காவத்தை, இறக்குவானை, பலாங்கொடை முதலிய பகுதிகளின் தோட்டத் தமிழர் அவர்களின் வழிவந்தோரே.

தோட்டத்திலே துரையின் பங்களா மேட்டில் அமைந்தது. அதற்கு மதில் இல்லை, பூந்தோட்டமே எல்லை. எனினும் அதன் அரண் வலவ்வவின் அரணைக் காட்டிலும் இறுக்கமானது. கங்காணியின் கடனும், 1921இல் ஒழிக்கப்படும்வரை தொழிலாளியை ஒரு தோட்டத்தோடு பிணித்திருந்த 'துண்டு' முறையும் அப்பங்களாவின் மதில்களாயின. கீழே, பத்துக்குப் பன்னிரண்டு அடி அளவிலான காம்பராக்கள் முதுகோடு முதுகாகவும் தோளோடு தோளாகவும் ஒட்டிய லயங்கள். அங்கே முற்றம் இல்லை; வேலி இல்லை; தனக்கென வளைத்த ஒரு சாண் நிலமும் இல்லை. 'வளவு' என்னும் சொல்லைத் தன் மொழியில் உடையவன் வளவின்றி வாழ, அச்சொல்லை ஏற்றுக்கொண்ட மொழியிலே அது மாளிகையின் பெயராயிற்று.

1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் இம்மக்களுட் பெரும்பாலோரை நாடற்றோராக்கிற்று. 1964ஆம் ஆண்டு சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் அவர்களை எண்ணிக்கையாகப் பங்கிட்டது. வலவ்வக் காணிகளைக் குறைத்த அதே 1972ஆம் ஆண்டுச் சட்டமும், கம்பெனித் தோட்டங்களை அரசுடைமையாக்கிய 1975ஆம் ஆண்டுத் திருத்தமும் இவர்களுக்குக் காணி வழங்கவில்லை. கைமாறிய தோட்டங்கள் பலவற்றில் வேலையும் குடியிருப்பும் இழந்து வெளியேறினோர் பலர். 1977 ஆகஸ்ட்டிலும், மீண்டும் 1981 ஆகஸ்ட்டிலும் இரத்தினபுரி மாவட்டத் தோட்டங்களிலே வன்செயல் மூண்டபோது, லயத்து மக்கள் ஓடி ஒளிவதற்குத் தேயிலைச் செடியும் இறப்பர்க் காடுமே இருந்தன. அவ்விரவுகளிலே காட்டரண் என்பது இலக்கியச் சொல்லாக இருக்கவில்லை. எல்லாம் இழந்து வன்னிக்கும் தமிழகத்துக்கும் சென்றோர் பலர். லயம் திரும்பி, எரிந்த கூரைக்குத் தகரம் இட்டு, மறுநாள் வேலைக்குச் சென்றோரும் பலர். 2003ஆம் ஆண்டுச் சட்டம் நாடற்ற நிலையைத் தீர்க்க வழிசெய்தது. 2015க்குப் பின் ஏழு பேர்ச் காணியில் தனிவீடு அமைக்கும் முயற்சிகள் தோட்டப் பகுதிகளில் நடைபெற்றன. எனினும் லயங்கள் மறைந்துவிடவில்லை.

முடிவாக

வரலாற்று இல்லங்களைக் காணச் செல்வது நல்ல வழக்கம். எஹெலேபொல வலவ்வவும் மடுவன்வெல வலவ்வவும் பேணப்பட வேண்டியவை என்பதில் ஐயமில்லை. அவை ஒரு காலத்தின் கட்டடக் கலையையும், அரசியலையும், அச்சத்தையும் ஒருங்கே தம்முள் வைத்திருக்கின்றன. மடுவன்வெலவின் எஞ்சிய முற்றங்களுள் ஒன்று சரியினும், கொலொன்ன கோறளையின் வரலாற்றில் ஓர் ஏடு கிழிந்ததாகவே கொள்ளுதல் வேண்டும்.

ஆயினும், பிரபுவின் வீட்டைக் காத்து, அவ்வீட்டைத் தாங்கியோரின் வீட்டை மறப்பது அரைகுறை வரலாறாகும். ஊழியக்குடிகளின் மண்குடிசைகளுள் ஒன்றேனும் இன்று காண்போருக்குக் காட்ட எஞ்சியிருக்கவில்லை. அவை கரைந்த இடத்தைச் சுட்டுவாரும் இல்லை. லயங்களுக்கும் அந்நிலை நேருதல் கூடாது. அவற்றில் மக்கள் இனியும் வாழ்தல் தகாது. தனிவீடும் வளவும் பெற்று அவர்கள் வெளியேறுதலே நீதி. அவ்வாறு வெளியேறும் நாளில், பழைய லயமொன்றையேனும் அதன் அடுப்புப் புகையோடும், ஒழுகிய தகரத்தோடும் அவ்வாறே காத்துவைத்தல் வேண்டும். கம்பளையை அடுத்த தோட்டமொன்றிலே லயக் காம்பராக்களையே அரும்பொருளகமாக அமைத்துள்ள முயற்சி இதற்கு முன்மாதிரியாகும். சபரகமுவவுக்கும் அத்தகைய ஒன்று வேண்டும்.

அரண் என்பது கல்லிலும் உயரத்திலும் இல்லை. கண்டி மன்னனைக் காத்த மலை இறுதியில் அவனைக் காக்கவில்லை. எஹெலேபொலவின் சுவர் அவர் பிள்ளைகளைக் காக்கவில்லை. மடுவன்வெலவின் முற்றங்கள் தம்மையே காத்துக்கொள்ளவில்லை. காலுக்குக் கீழுள்ள நிலம் தனது என்னும் உறுதியும், அவ்வுறுதிக்குச் சட்டத்தின் துணையும், அயலவரின் மதிப்புமே மனிதர்க்கு அரணாவன. 'வளவு' என்னும் பழஞ்சொல் உணர்த்தி நிற்பதும் அதுவே. வலவ்வவின் முற்றத்தில் நின்று வானத்தை நோக்குவோர், திரும்பும் வழியில் மலைச்சரிவிலுள்ள லயத்தையும் ஒருமுறை நின்று நோக்குவாராயின், அப்பயணம் முழுமை பெறும்.